தூரம் போதும் என்றான் உன் மாமா

அத்திமரத்தூர்,
ஐப்பசி 6, வியாழக்கிழமை

அன்பு மகன் தனசேகரனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் இருக்கிறேன், ஆடு மூன்றும் இருக்கின்றன, இடது கண் ஒன்று நல்லபடியாக இருக்கிறது. அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் கூசுகிறது, ஆனாலும் கேட்காமல் எந்தத் தாய் கடிதம் தொடங்குவாள். உடம்பு எப்படி இருக்கிறது, ஜெயில் சோறு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா, ராத்திரி இருமல் நின்றதா. புருஷனைப் பார்க்க அங்கே வந்துபோகிற நம் தேவயானி, நீ இளைத்துப்போய் இருக்கிறாய் என்றும் தன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றும் சொன்னாள். இந்தக் காகிதத்தைப் பிரித்ததும் முதலில் எழுத்தைப் பார். ஒரு வரி மேட்டில் ஏறுகிறது, ஒரு வரி பள்ளத்தில் இறங்குகிறது, ஒற்றைக்கொம்பு எது இரட்டைக்கொம்பு எது என்று எனக்கே சந்தேகம். இதுதான் என் எழுத்து, ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து. இதற்கு முன்னால் என் பேரில் உனக்கு வந்ததெல்லாம் உன் மாமா பஞ்சாட்சரத்தின் எழுத்து, அச்சடித்த மாதிரி அழகாக இருக்கும். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும். மூன்று நாளாக எழுதுகிறேன், கண்ணுக்கு ரொம்ப வேலை கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருப்பதால் கால் பக்கம் எழுதினால் மூடி உட்கார்ந்துகொள்கிறேன்.

கண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நீ இங்கே இருக்கும்போதே எனக்குக் கிட்டத்தில் தெரியாமல் போனது உனக்குத் தெரியும், ஊசியில் நூல் கோக்க உன்னைத்தான் கூப்பிடுவேன், நீ ஒரே குத்தில் கோத்துக் கொடுத்துவிட்டு, கெழவியாய்ட்டம்மா என்று சிரிப்பாய். அது வயசுக்கு வருவது என்று விட்டுவிட்டேன். செம்மரம் வெட்ட வந்தவன் என்று ஆந்திராக்காரர்கள் உன்னைப் பிடித்து அடைத்த பிறகு அழுத அழுகையோ என்னமோ, அதன்மேல் புரையும் சேர்ந்துகொண்டது. சாமையில் கல் பொறுக்க முடியவில்லை, கையால் தடவித் தடவிப் பொறுக்கினேன், போன பொங்கலன்று நான் ஆக்கிய சோற்றைத் தின்ற உன் மாமா வாய்க்குள்ளிருந்து மூன்று கல் எடுத்து வரிசையாக வைத்துக் காட்டினான். காலில் முள் தைத்தால் எடுக்க ஓர் ஆள் வேண்டும், உன் கடிதம் வந்தால் படிக்க ஓர் ஆள் வேண்டும். உங்கப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு அந்த ஆள் உன் மாமாதான். ஆவணி மாசம் அவனே என்னைத் திருப்பத்தூர் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அங்கே ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, கண்ணுக்குள் வைக்கிற லென்ஸைத் தூரத்துக்கு ஏற்ற மாதிரியும் வைக்கலாம், கிட்டத்துக்கு ஏற்ற மாதிரியும் வைக்கலாம், ஒன்றுக்கு வைத்தால் மற்றதற்குக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும், எது வேண்டும் என்று கேட்டார். நான் வாயைத் திறக்கிறதுக்குள் உன் மாமா, தூரத்துக்கே வெச்சிருங்க டாக்டரம்மா, மலையில நடக்கறவங்க, பள்ளம் மேடு தெரியணும், படிக்கறதுக்கு நான் ஒருத்தன் இல்லியா என்றான். பள்ளமும் மேடும் என் காலுக்குத் தெரியும், அதற்குக் கண் வேண்டியதில்லை, எனக்குச் சாமையில் கல் தெரியணும், என் மகன் கடுதாசி தெரியணும், கிட்டத்துக்கே வையுங்கள் என்றேன். அவன் விடவில்லை. இன்னாக்கா இது, தூரம் தெரிஞ்சா போதும்க்கா, சொன்னா கேளுக்கா என்று மூன்று தரம் சொன்னான். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, கண்ணு அவங்களோடது, அவங்க கேட்டதையே வைக்கறேன் என்று எழுதிக்கொண்டார். என் தம்பிக்கு என்மேல் எவ்வளவு அக்கறை என்று அன்றைக்கு நானும்தான் சிரித்தேன்.

ஆபரேஷன் கால் மணி நேரம்கூட இல்லை, வலியும் இல்லை, பச்சைத் துணியைப் போர்த்தி, கண்ணுக்குள் ஏதோ வெளிச்சம் ஓடியது, முடிந்தது என்றார்கள். கஷ்டமெல்லாம் அதற்குப் பிறகுதான். குனியக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கக் கூடாது, அடுப்புப் புகை ஆகாது. குனியாமல் ஊதாமல் புகையில்லாமல் நம் வீட்டில் எந்த வேலை நடக்கும், நீயே சொல். உன் மாமா தன் வீட்டை விட்டு இங்கே வந்து படுத்துக்கொண்டான். எனக்குப் புகை வரக் கூடாது என்று பலாமரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டி மழைத் தூறலில் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு சமைத்தான். சொட்டு மருந்து ஒரு நாளைக்கு நாலு வேளை. எனக்கு மறந்துபோகும் என்று காலையில் நாலு புளியங்கொட்டையை ஒரு டம்ளரில் போட்டுவைப்பேன், ஒவ்வொரு வேளைக்கும் ஒன்றை எடுத்து வெளியே வைப்பான், டம்ளர் காலியானால் அன்றைய மருந்து முடிந்தது. கையை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, மேல பாருக்கா என்பான், கீழ் இமையை இழுத்துப் பிடித்து ஒரு சொட்டு, ஒன்றே ஒன்று, சிந்தாமல் விடுவான். நீ அவன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டபோது வீறிட்டு அழுதாய், அப்போதும் இப்படித்தான் உன் முகவாயைப் பிடித்துக்கொண்டு, மேல பாருடா மாப்ளே, காக்கா பாரு என்றான். அது எனக்கு ஒவ்வொரு சொட்டுக்கும் ஞாபகம் வரும்.

பத்தாம் நாள் என்று நினைக்கிறேன், தேவயானி ஒரு சின்ன சீசாவில் மலைத்தேன் கொண்டு வந்தாள். நம் ஊரில் கண்ணுக்கு எது வந்தாலும் தேன்தானே, சிவந்தாலும் தேன், நீர் வடிந்தாலும் தேன், அவளும் நல்ல மனசோடுதான் கொண்டு வந்தாள். ஒரு சொட்டு வுடு பெரீம்மா, மங்கலெல்லாம் போய்டும் என்றாள். எனக்கும் சரி என்றுதான் பட்டது, மருந்து எரிச்சலாக இருக்கிறது, தேன் குளிர்ச்சியாக இருக்குமே என்று அண்ணாந்துகொண்டேன். அந்த நேரம் பார்த்து உன் மாமா வந்தவன் சீசாவைப் பிடுங்கி வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தான். ஆபரேஷன் பண்ண கண்ணுல தேன ஊத்தறியே, எங்கக்கா கண்ணு போனா நீ குடுப்பியா என்று கத்தின கத்தலில் அந்தப் பெண் அழுதுகொண்டு போனாள். அன்றைக்கு அவன் தடுக்காவிட்டால் இந்தக் கண் சீழ்பிடித்துப் போயிருக்கும் என்று டாக்டரம்மாவே பிறகு சொன்னார். ஆக இந்தக் கண்ணைக் காப்பாற்றிக் கொடுத்தவன் அவன். அதை நான் இல்லை என்று சொல்லவே முடியாது.

போன வாரம் ஒரு மாசத்துப் பரிசோதனைக்குப் போனோம். உன் மாமா மருந்துக் கடையில் வரிசையில் நின்றுகொண்டிருந்தான், நான் மட்டும் உள்ளே. டாக்டரம்மா ஓர் அட்டையைக் கையில் கொடுத்து வலது கண்ணைப் பொத்திக்கொண்டு படிக்கச் சொன்னார். மேலே பெரிய எழுத்து, கீழே போகப்போகச் சின்ன எழுத்து, கடைசி வரி எறும்பு மாதிரி. கடைசி வரி வரைக்கும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன்டா. பக்கத்தில் இருந்த நர்ஸ் பெண் கைதட்டினாள். தூரத்தில் நிற்கிற ஆள் யார் என்று தெரியவில்லை, அதற்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள், ஆனால் என் கையின் ரேகை தெரிகிறது, நகக்கண்ணில் அழுக்கு தெரிகிறது. வெளியே வந்ததும் உன் மாமா, இன்னாச்சுக்கா, படிக்கத் தெரியுதா என்று கேட்டான். சாயங்காலம் நானே உன் கடிதத்தை எடுத்து அவன் எதிரில் கடகடவென்று படித்து அவனை வாய்பிளக்க வைக்கணும் என்று ஆசை, அதனால், எங்கே, இன்னும் மங்கலாகத்தான் இருக்கிறது என்று பொய் சொன்னேன். அப்போது அவன் ஒரு பெருமூச்சு விட்டான். எனக்காகக் கவலைப்பட்டு விட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவன் ஆட்டுக்குத் தழை வெட்டப் போனான். நான் தகரப்பெட்டியில் உங்கப்பா வேட்டிக்கு அடியில் இருந்த உன் நாலு கடிதத்தையும் எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்தேன். அவன் படித்துக் காட்டியது எனக்கு மனப்பாடம். முதல் கடிதத்தில், அம்மா கவலைப்படாதே, கூட்டாளிகள் பேச்சைக் கேட்டுக் கெட்டேன், இனி மாமா சொல்கிறபடி நடப்பேன், மாமாவை விட்டால் நமக்கு யார் இருக்கிறார்கள் என்று நீ எழுதியதாகப் படித்தான், படிக்கும்போதே குரல் கம்மியது, நானும் அவன் தோளில் சாய்ந்து அழுதேன். அந்த வரியைத் தேடினேன். இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தேன், இல்லை. நீ எழுதியிருந்தது இதுதான். அம்மா, கொடகுல மொளகு பறிக்கற வேலன்னு மாமாதான் வழியில வேற வண்டி ஏத்திவிட்டாரு, வண்டி அங்க போகல, காட்டுல எறக்கி கோடாலியக் குடுத்தாங்க, முடியாதுன்னா விடல, மூணாம் நாளு மாட்டிக்கிட்டோம். போலீஸ்ல யாரு அனுப்புனதுன்னு அடிச்சுக் கேட்டாங்க, நான் மாமா பேரச் சொல்லல, உனக்கு அவரு ஒரே தம்பி. இங்க இலவசமா வர்ற வக்கீலு, அனுப்புனவங்க பேரச் சொன்னா ஜாமீன் கெடைக்கும்ங்கறாரு. சொல்லட்டுமா வேணாமா, நீ ஒரு வார்த்த எழுதும்மா. இரண்டாவது கடிதத்திலும் அதே கேள்வி. மூன்றாவதில், சீக்கிரம் எழுதும்மா என்று அடிக்கோடு போட்டிருந்தாய். நாலாவது கடிதம் நாலே வரி. சரிம்மா. மாமா பேரச் சொல்ல வேணாம்னு நீ எழுதிட்ட. இனிமே கேக்க மாட்டேன். ஒடம்பப் பாத்துக்க.

நான் எப்போதடா எழுதினேன். நான் சொல்லச் சொல்ல உன் மாமா எழுதினான். வெள்ளாடு இரட்டைக்குட்டி போட்டதைச் சொன்னேன், சாமை வாடிப்போனதைச் சொன்னேன், நேரத்துக்குச் சாப்பிடு, யாரோடும் சண்டைக்குப் போகாதே என்று சொன்னேன், அடியில் கையெழுத்து எங்கே போடணும் என்று விரலைப் பிடித்து வைத்தான், போட்டேன். நடுவில் அந்த ஒரு வரியை அவன் எழுதியிருக்கிறான். அந்த வரிக்காக நீ சித்திரையிலிருந்து ஆறு மாசமாக எனக்கு ஓர் எழுத்து எழுதவில்லை. ஒரே ஒரு தடவை உன்னைப் பார்க்க வந்தபோது கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நீ ஊமை மாதிரி நின்றாய், அவன் என் பக்கத்திலேயே நின்றான், அதற்கும் எனக்கு இப்போதுதான் அர்த்தம் புரிகிறது. கடிதம் கொண்டு வரும்போதெல்லாம் தேவயானி, உம்மவன் பதிலு கேக்கறான் பெரீம்மா என்பாள், பதில்தான் போய்க்கொண்டிருக்கிறதே, இவன் என்ன கேட்கிறான் என்று நான் அலுத்துக்கொண்டேன். நல்ல பிழைப்பு.

உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, அதையும் சொல்லாமல் விட மாட்டேன். ஒரு வரியைப் பார்த்துவிட்டு உன் அம்மா இப்படிச் சொல்லுவாள் என்று நம்பினாயே, எப்படி நம்பினாய். நீ ஜெயிலில் கிடந்தாலும் கிடக்கட்டும், என் தம்பி நன்றாக இருக்கணும் என்று எழுதக்கூடியவளா நான். உனக்கு மூன்று வயதில் வாந்தியும் பேதியும் வந்தபோது ஜமுனாமரத்தூர் வரைக்கும் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினவளுடா. எழுத்து மாமாவுடையது என்று உனக்குத் தெரியும், அப்படியும் வார்த்தை என்னுடையது என்று முடிவு கட்டிவிட்டாய். சரி, உன்னைச் சொல்லி என்ன பயன். தாய்மாமனோடுதானே போகிறான், மாமனை நம்பாமல் யாரை நம்புவது என்று புதுச் சட்டை வாங்கிக் கொடுத்து, நெற்றியில் திருநீறு பூசி, வண்டி வரைக்கும் வந்து வழியனுப்பியவள் நான்தான். அந்தச் சட்டை என்ன ஆனதோ. கூட்டாளிகளோடு வழியில் இறங்கிப் போய்விட்டான்க்கா என்று அவன் வந்து சொன்னதையும் நம்பி, இல்லாத கூட்டாளிகளை ஒன்றரை வருஷம் சபித்திருக்கிறேன். அவனுக்கு அதில் தலைக்கு எவ்வளவு கிடைத்தது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

இன்னொரு சேதியும் இருக்கிறது, வேறு யார் வாயிலாவது கேட்பதற்கு நானே சொல்லிவிடுகிறேன். உனக்கென்று பேசி வைத்திருந்த மாமன் மகள் கோகிலவாணிக்குத் தை மாசம் கல்யாணம். சந்தவாசலில் உரக்கடை வைத்திருக்கிற வீடு. நிச்சயத்துக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நானும் போய் உட்கார்ந்திருந்தேன், அத்தை என்று தட்டில் கை வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். அந்தப் பெண் என்னைப் பார்க்கவே இல்லை. அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை, அவளைத் திட்டாதே. நீ மாமா பேரைச் சொன்னால் இந்தக் கல்யாணம் நிற்கும், எனக்குத் தெரியும். கூடப்பிறந்தவனைக் காட்டிக்கொடுத்தவள் என்று ஊரில் தண்ணீர் கொடுக்கவும் யோசிப்பார்கள், அதுவும் தெரியும். எங்கம்மா செத்தபோது அவனுக்கு வயது நாலு. அவனுக்குச் சோறு ஊட்டிய கை இது. மூன்று நாளாக இதையெல்லாம் யோசித்து யோசித்துத்தான் கால் கால் பக்கமாக எழுதுகிறேன், கண்ணுக்காக மட்டும் இல்லை.

அவனுக்கு இன்னும் எதுவும் தெரியாது. தினமும் இரண்டு வேளை இப்போதும் சொட்டு விடுகிறான், டம்ளரில் இரண்டு கொட்டைதான் போடுகிறேன். மேல பாருக்கா என்கிறான், பார்க்கிறேன். முன்னேயெல்லாம் அவன் முகம் எனக்குப் புகை மாதிரி, இப்போது ஒரு ஜாண் தூரத்தில் அத்தனையும் தெரிகிறது, மீசையில் நரை, புருவத்தில் நான் சின்ன வயசில் தள்ளிவிட்ட தழும்பு, கண்ணுக்குக் கீழே கருமை. அவன் மருந்து சீசாவைப் பார்ப்பானே தவிர என் கண்ணைப் பார்ப்பதில்லை. படிக்கத் தெரியுதாக்கா என்று தினமும் கேட்கிறான், இல்லடா, மங்கல்தான் என்கிறேன். இப்படிப் பொய் சொல்லிக்கொண்டு அவன் ஆக்கிப்போட்ட சோற்றைத் தின்பது எனக்கு விஷமாக இருக்கிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேருகிற வரைக்கும்தான். நாளைக் காலை முதல் பஸ்ஸுக்குத் தேவயானி கிளம்புகிறாள், அவள் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வருவாள், உள்ளே என்ன இருக்கிறது என்று அவளிடம் சொல்லவில்லை. அவள் திரும்பி வந்து உன்னிடம் கொடுத்துவிட்டேன் என்று சொன்ன அன்றைக்கு, உன் நாலு கடிதத்தையும் அவன் எதிரில் வைத்து நானே வாய்விட்டுப் படிப்பேன்.

நீ மூன்று தரம் கேட்டதற்கு இதுதான் பதில், இந்தக் கோணல் எழுத்தில் வருவதுதான் என் பதில், வேறு எதுவும் இல்லை. சொல்லு. அந்த இலவச வக்கீலிடம் சொல்லு, ஜட்ஜ் கேட்டாலும் சொல்லு. வண்டி ஏற்றிவிட்டவன் பேர் பஞ்சாட்சரம், அத்திமரத்தூர், எனக்குக் கூடப்பிறந்த தம்பி. அம்மாதான் சொல்லச் சொன்னாள் என்றும் சொல்லு, பழி உன் தலையில் வேண்டாம், என் தலையில் இருக்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, குளிர் வருகிறது, தேவயானியிடம் ஒரு கம்பளி கொடுத்தனுப்புகிறேன், அதை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே. மல்லேசுவர சாமி உனக்குத் துணை இருக்கட்டும், நீ நூறு வயது நன்றாக இருக்கணும், கைவிலங்கு இல்லாமல் இந்தச் சரிவில் ஏறி வரணும். தை கழிந்ததும் வலது கண்ணுக்கும் பண்ணிவிடலாம்க்கா, அதுக்காவது தூரம் வெச்சுக்கலாம் என்று உன் மாமா சொல்லிக்கொண்டிருக்கிறான். வைக்கத்தான் போகிறேன், தூரத்துக்கேதான், பலாமரத்துப் பக்கம் வருகிறது நீதான் என்று வீட்டிலிருந்தே தெரியணும். ஆனால் அது நீ வந்த பிறகு. சொட்டு விட ஒரு கை வேண்டும், அது இனி உன் கைதான். மறக்காமல் பதில் எழுது. சின்ன எழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை, நானே படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
தன் கையால் எழுதிய
உன் அம்மா,
அமுதவல்லி